குரூப் ப்ராஜெக்ட்: மீட்டிங்கிலேயே யாரும் பேசுவதில்லை, மேடையில் என்ன பேசுவது?

கடைசிவரிசை எழுதியது:

வணக்கம். கொஞ்சம் நீளமாகப் போகும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

எங்கள் பாடத்தில் ஒரு குரூப் ப்ராஜெக்ட், ஐந்து பேர். கல்லூரி நூலகத்தை இரவிலும் திறந்து வைக்க வேண்டுமா, வைத்தால் எப்படி நடத்துவது என்று விசாரித்து ஒரு பரிந்துரையோடு 12 நிமிடம் பேச வேண்டும். அப்புறம் 5 நிமிடம் கேள்விகள். ஐந்து பேருக்கும் ஒரே மார்க். இன்னும் இரண்டு வாரம் இருக்கிறது.

மீட்டிங் போட்டால் ஒருவர் மட்டும்தான் பேசுகிறார். கெட்ட எண்ணமெல்லாம் இல்லை, அவருக்கு வேகம் அதிகம், நாங்கள் யோசித்து வாய் திறப்பதற்குள் அடுத்த விஷயத்துக்குப் போயிருப்பார். இன்னொருவர் எதைச் சொன்னாலும் "சரி, அப்படியே பண்ணிடலாம்" என்பார், ஆனால் மீட்டிங் முடிந்ததும் எனக்குத் தனியாக மெசேஜ் போட்டு "இது சரிப்பட்டு வராது" என்பார். ஒரு தோழி சர்வே எடுத்து வைத்திருக்கிறாள். அவளிடம் நல்ல தகவல் இருக்கிறது என்று எனக்கு நிச்சயமாகத் தெரியும், ஆனால் மீட்டிங்கில் வாயே திறப்பதில்லை. நான்காவது ஆள் வருவார், போனைப் பார்ப்பார், போவார்.

கடைசியில் என்ன முடிவானது என்றால், ஆளுக்கு நான்கு ஸ்லைடு, அவரவர் தயார் செய்துகொண்டு வரவேண்டும், முந்தின நாள் எல்லாவற்றையும் ஒன்றாக ஒட்டிவிடலாம் என்று. தொடக்கமும் முடிவும் என் தலையில் விழுந்திருக்கிறது. எனக்கோ எழுந்து நின்றாலே குரல் நடுங்கும், கை வேர்க்கும், முதல் நிமிடம் என்ன பேசினேன் என்றே நினைவிருக்காது.

இன்னொன்று. பேச்சில் வார்த்தைக்கு 7 சதவீதம்தான் மதிப்பு, மீதி 93 சதவீதம் குரலும் உடல்மொழியும்தான் என்று எங்கு பார்த்தாலும் போட்டிருக்கிறார்கள். அப்படியென்றால் நான் கை அசைப்பதையும் நிற்பதையும்தான் பழக வேண்டுமா? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

கரும்பலகை எழுதியது:

இந்தப் பாடத்தைத்தான் நான் நடத்துகிறேன், அதனால் விரிவாகவே சொல்கிறேன்.

நீங்கள் மீட்டிங்கைப் பற்றி ஒரு கேள்வியும் மேடையைப் பற்றி ஒரு கேள்வியும் கேட்டிருக்கிறீர்கள். எனக்கு இரண்டும் ஒன்றாகத்தான் தெரிகிறது. ஐந்து பேர் சேர்ந்து பேசும் பிரசன்டேஷன் சொதப்பினால் அது பெரும்பாலும் மீட்டிங்கிலேயே சொதப்பியிருக்கும். பேசித் தீர்க்காத விஷயத்தை ஆளுக்கு நான்கு ஸ்லைடாகப் பங்கு போட்டுக்கொண்டு வந்து நின்றால், முதல் ஆள் "கட்டாயம் வேண்டும்" என்பார், மூன்றாவது ஆள் காட்டும் எண்ணிக்கை அவ்வளவு ஒன்றும் தேவையில்லை என்று சொல்லும், கடைசி ஆள் இரண்டுக்கும் சம்பந்தமில்லாத ஒன்றை முடிவாகச் சொல்லுவார். கேட்பவருக்கு ஐந்து சின்னப் பேச்சு கேட்ட மாதிரி இருக்குமே தவிர, ஒரு குழு யோசித்து வந்த மாதிரி இருக்காது. ஆகவே அந்த "முந்தின நாள் ஒட்டிவிடலாம்" என்பதை இன்றைக்கே கைவிடுங்கள்.

சர்வே எடுத்த தோழியிடமிருந்து தொடங்குங்கள். குழுவாக உட்கார்ந்து பேசும்போது எல்லோருக்கும் ஏற்கெனவே தெரிந்த விஷயத்தைத்தான் திரும்பத் திரும்பப் பேசுகிறோம். ஒருவருக்கு மட்டும் தெரிந்தது வெளியே வருவதே இல்லை. 1985ல் ஸ்டாசர், டைட்டஸ் என்ற இரண்டு உளவியலாளர்கள் இதைச் சோதித்துப் பார்த்தார்கள். மூன்று வேட்பாளர்களில் ஒருவரை நான்கு பேர் கொண்ட குழு தேர்ந்தெடுக்க வேண்டும். எல்லாத் தகவலும் எல்லோர் கையிலும் இருந்தபோது பெரும்பாலான குழுக்கள் நல்ல வேட்பாளரைக் கண்டுபிடித்துவிட்டன. அதே தகவலை, அந்த நல்லவரின் நிறைகள் ஆளுக்குக் கொஞ்சமாகச் சிதறியிருக்கும்படி பிரித்துக் கொடுத்தபோது பெரும்பாலான குழுக்கள் தவறவிட்டன. இத்தனைக்கும் நான்கு பேரும் சேர்ந்தால் முழுத் தகவலும் அந்த அறைக்குள்ளேயேதான் இருந்தது! உங்கள் தோழியின் சர்வே இப்போது அந்த நிலையில்தான் இருக்கிறது.

என்ன செய்யலாம் என்றால், அடுத்த மீட்டிங்கை முதல் ஐந்து நிமிடம் யாரும் பேசாமல் தொடங்குங்கள். ஆளுக்கொரு தாள். மற்றவர்களுக்குத் தெரியாத, எனக்கு மட்டும் தெரிந்த விஷயம் என்ன, என் பரிந்துரை என்ன, எனக்கு எது இடிக்கிறது, இந்த மூன்றையும் எல்லோரும் எழுத வேண்டும். அப்புறம் வரிசையாக ஒவ்வொருவரும் எழுதியதைப் படிக்க வேண்டும், படித்து முடிக்கும்வரை நடுவில் யாரும் குறுக்கிடக் கூடாது. அந்த வேகக்காரர் கடைசியில் படிக்கட்டும். இதை அவருக்கு எதிரான ஏற்பாடாகச் சொல்லாதீர்கள், "இந்தத் தடவை எழுதிப் பார்த்துவிட்டுப் பேசலாமே" என்று பொதுவாகச் சொன்னால் போதும்.

இது ஏன் வேலை செய்கிறது என்பதற்குக் காரணம் உங்கள் கேள்வியிலேயே இருக்கிறது. "நாங்கள் வாய் திறப்பதற்குள் அடுத்த விஷயத்துக்குப் போயிருப்பார்" என்று எழுதியிருக்கிறீர்கள் அல்லவா? கூடி உட்கார்ந்து யோசனை சொல்பவர்களைவிட, அதே எண்ணிக்கையில் தனித்தனியாக எழுதுபவர்களிடமிருந்து அதிக யோசனைகள் வருகின்றன. டீல், ஸ்ட்ரோப் இருவரும் 1987ல் இதற்கு முக்கியக் காரணம் என்று சொன்னது கூச்சத்தையோ சோம்பலையோ அல்ல. ஒரு நேரத்தில் ஒருவர்தான் பேச முடியும், நம் முறைக்குக் காத்திருக்கும்போதே நினைத்தது தடைபட்டுப் போகிறது, அவ்வளவுதான்.

"சரி சரி" என்று சொல்லிவிட்டுத் தனியாக மறுப்பவரைப் பற்றி. இவர்தான் உங்கள் குழுவின் மிக உபயோகமான ஆள் என்று நினைக்கிறேன். ஓட்டையைக் கண்டுபிடிக்கிறார், ஆனால் எல்லோர் முன்னாலும் சொன்னால் ஒற்றுமை கெடுமோ என்று தயங்குகிறார். உலகத் தலைவர்கள் உட்காரும் அறையிலேயே இது நடந்திருக்கிறது. 1961ல் கியூபாமீது படையெடுப்புத் திட்டத்துக்கு அமெரிக்க அதிபர் கென்னடியின் ஆலோசகர்கள் ஒப்புதல் தந்தார்கள், சந்தேகம் இருந்தவர்கள் அதை அழுத்திச் சொல்லவில்லை, திட்டம் படுதோல்வி அடைந்தது. பத்தாண்டு கழித்து இர்விங் ஜானிஸ் என்ற ஆய்வாளர் குழுச் சிந்தனை, அதாவது ஒற்றுமை கெடக் கூடாதென்று சந்தேகத்தை விழுங்கிக்கொண்டு எல்லோரும் ஒத்துப்போவது, என்ற கருத்தை விளக்க இதைத்தான் முக்கிய உதாரணமாக எடுத்தார். ஆனால் எனக்குப் பிடித்தது அடுத்து நடந்ததுதான். 1962ல் சோவியத் யூனியன் கியூபாவில் ஏவுகணைகளை வைத்ததால் நெருக்கடி வந்தபோது அதே கென்னடி சில கூட்டங்களில் வேண்டுமென்றே கலந்துகொள்ளாமல் இருந்தார், தான் அறையில் இருந்தால் மற்றவர்கள் மனம் திறந்து பேசமாட்டார்கள் என்பதற்காக. ஆட்கள் பெரும்பாலும் அதே ஆட்கள், பேசும் முறையை மாற்றினார்கள்.

நீங்கள் செய்ய வேண்டியது, மறுத்துப் பேசுவதை ஒரு வேலையாக ஆக்குவது. "இந்த மீட்டிங்கில் உங்கள் வேலை, நம் பரிந்துரையில் என்ன ஓட்டை என்று சொல்வது" என்று அவரிடமே கொடுங்கள். அடுத்த மீட்டிங்கில் அந்த வேலை வேறொருவருக்கு. வேலையாகக் கொடுத்துவிட்டால் அவர் சண்டைக்காரராகத் தெரியமாட்டார்.

போன் பார்ப்பவரைத் திட்ட வேண்டாம். குழு பெரிதானால் ஆளாளுக்கு உழைப்பு குறைவது மனித இயல்பு. 1979ல் ஒரு ஆய்வில் ஆட்களைக் கைதட்டவும் கத்தவும் சொன்னபோதுகூட, கூட்டம் பெருகப் பெருக ஒவ்வொருவரும் எழுப்பிய சத்தம் குறைந்தது. அவரவர் பங்கு தனியாகத் தெரிகிறபோது இது வெகுவாகக் குறைகிறது. "நீயும் ஏதாவது பண்ணு" என்று சொன்னால் ஒன்றும் நடக்காது. செய்தால் தெரிகிற, செய்யாவிட்டாலும் தெரிகிற ஒரு வேலையாகக் கொடுங்கள்: வியாழக்கிழமைக்குள் நூலகப் பொறுப்பாளரிடம் இரவுப் பணியாளர் பற்றி இந்த நான்கு கேள்விகளைக் கேட்டு எழுதிக்கொண்டு வருவது, அந்த மாதிரி.

மீட்டிங் கலையும் முன் என்ன முடிவு, யார் செய்வது, எப்போதைக்குள் என்பதை அங்கேயே குரூப்பில் எழுதிப் போட்டுவிடுங்கள். இதை விட்டுவிட்டு மற்ற எதைச் செய்தாலும் பயனில்லை.

மேடைப் பயத்தைப் பற்றி இங்கே என்னைவிட நன்றாகச் சொல்பவர்கள் இருக்கிறார்கள், அவர்களுக்கு விடுகிறேன்.

ஒலிவாங்கி எழுதியது:

அந்த 93 சதவீதக் கதையை முதலில் முடித்துவிடுகிறேன், ஏனென்றால் அது நிறையப் பேரின் நேரத்தை வீணாக்குகிறது.

ஆல்பர்ட் மெஹ்ராபியன் என்பவர் 1967ல் வெளியிட்ட இரண்டு ஆய்வுகளிலிருந்து வந்த எண்கள் அவை. ஒருவர் தன் உணர்வைச் சொல்லும்போது வார்த்தை ஒன்று, குரலும் முகமும் வேறொன்று என்று முரண்பட்டால் கேட்பவர் எதை நம்புகிறார் என்பதுதான் அங்கே கேள்வி. சோதனையில் பயன்பட்டவையும் ஒற்றை ஒற்றைச் சொற்கள். நூலக நேரத்தைப் பற்றி 12 நிமிடம் பேசுவதற்கும் அதற்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை. இந்த எண்கள் எல்லாப் பேச்சுக்கும் பொருந்தாது என்று அவரே தெளிவுபடுத்தியிருக்கிறார். யோசித்துப் பாருங்கள், வார்த்தைக்கு 7 சதவீதம்தான் என்றால் தெரியாத மொழியில் பேசுபவரைப் பார்த்தாலே முக்கால்வாசி புரிந்திருக்க வேண்டுமே. ஆக, கையசைப்புப் பயிற்சியெல்லாம் வேண்டாம். சொல்ல வந்தது உங்களுக்குத் தெளிவாக இருந்தால் கை தானாக அசையும்.

சரி, நடுக்கம். நீங்கள் எவ்வளவு நடுங்குகிறீர்கள் என்று நினைக்கிறீர்களோ அவ்வளவு வெளியே தெரிவதில்லை. இது ஆறுதலுக்குச் சொல்வதில்லை. சவிட்ஸ்கி, கிலோவிச் இருவரும் 2003ல் வெளியிட்ட ஆய்வில், "உங்கள் பதற்றம் நீங்கள் நினைக்கிற அளவுக்கு மற்றவர்களுக்குத் தெரிவதில்லை" என்று பேசுவதற்கு முன் சிலருக்கு விளக்கினார்கள். அது தெரிந்துகொண்டு பேசியவர்கள் மற்றவர்களைவிட நன்றாகப் பேசினார்கள், கேட்டவர்களும் அப்படித்தான் மதிப்பிட்டார்கள். பதற்றத்தைவிட, "ஐயோ, பதற்றம் எல்லோருக்கும் தெரிகிறதே" என்ற கவலைதான் ஆளைச் சாய்க்கிறது. அதனாலேயே "எனக்குக் கொஞ்சம் பயமாக இருக்கிறது, மன்னிக்கவும்" என்று ஆரம்பிக்காதீர்கள். அதுவரை யாரும் கவனித்திருக்கவே மாட்டார்கள், நீங்களே காட்டிக்கொடுத்ததாகிவிடும்.

"அமைதியாக இரு, அமைதியாக இரு" என்று சொல்லிக்கொள்வதும் பெரிதாக உதவாது. இதயம் படபடவென்று அடிக்கும்போது அதை அமைதிக்குக் கொண்டுவருவது நெடுந்தூரம். அதே படபடப்பை உற்சாகம் என்று எடுத்துக்கொள்வது பக்கத்தில் இருக்கிறது. இதையும் அலிசன் வுட் புரூக்ஸ் 2014ல் சோதித்துக் காட்டினார். பேசுவதற்கு முன் உற்சாகமாக இருக்கிறேன் என்று சொல்லிக்கொண்டவர்கள், அமைதியாக இருக்கிறேன் என்று சொல்லிக்கொண்டவர்களைவிட நன்றாகப் பேசினார்கள்.

முதல் நிமிடம் மறந்துபோவதற்கு ஒரே மருந்து, முதல் மூன்று வாக்கியங்களையும் கடைசி இரண்டு வாக்கியங்களையும் தூக்கத்தில் எழுப்பினாலும் வரும்படி வைத்துக்கொள்வது. நடுவில் உள்ளதை மனப்பாடம் செய்யாதீர்கள். மனப்பாடம் செய்தால் ஒரு சொல் விட்டுப்போனதும் அடுத்த சொல்லும் வராது, அந்த முழிப்பு கேட்பவர்களுக்கு நன்றாகவே தெரியும். சின்ன அட்டையில் ஒரு குறிப்புக்கு இரண்டு மூன்று சொற்கள் மட்டும் எழுதி, ஒவ்வொரு தடவை ஒத்திகை பார்க்கும்போதும் வேறு வாக்கியத்தில் சொல்லிப் பாருங்கள். எந்த வாக்கியத்தில் வந்தாலும் பரவாயில்லை, கருத்து வரிசை மாறாமல் இருந்தால் போதும்.

ஒத்திகை என்றால் நின்றுகொண்டு, வாய்விட்டு. உட்கார்ந்து மனதுக்குள் படிப்பது ஒத்திகையில் சேராது, வாய்விட்டுப் பேசுவதைவிட மனதுக்குள் ஓடுவது வேகம். அதை நம்பித்தான் எல்லோரும் நேரத்தைத் தாண்டுகிறார்கள். 12 நிமிடம் கொடுத்தால் 10 நிமிடத்துக்குத் தயார் செய்யுங்கள். ஆள் மாறும்போதும் ஸ்லைடு மாறும்போதும் மீதி நேரம் எங்கே போனதென்றே தெரியாமல் போய்விடும்.

கண் பார்வை: கூட்டத்தை மேலோட்டமாகத் துழாவாமல், ஒரு வாக்கியம் முடியும்வரை ஒருவரைப் பார்த்துப் பேசுங்கள், அடுத்த வாக்கியத்துக்கு வேறு பக்கம் ஒருவர். குரல் நடுக்கமும் இதில் குறையும், ஏனென்றால் ஒருவரிடம் பேசுவது நமக்குப் பழகியது.

திங்கட்கிழமை எழுதியது:

மேலே எல்லாம் நல்ல பதில்கள். ஒரு விஷயம்தான் யாரும் கேட்கவில்லை. ஐந்து பேரும் பேச வேண்டும் என்று யார் சொன்னது?

12 நிமிடத்தில் ஐந்து பேர் என்றால் ஆளுக்கு இரண்டரை நிமிடம்கூட இல்லை. ஒருவரின் குரல் காதுக்குப் பழகுவதற்குள் அடுத்தவர் வந்து நிற்பார். வேலை பார்க்கிற இடத்தில் குழுவாகச் செய்ததை ஒருவர் அல்லது இருவர்தான் வந்து சொல்வார்கள், மற்றவர்கள் கேள்வி வரும்போது பேசுவார்கள், அதை யாரும் குறையாக நினைப்பதில்லை. விதியில் கட்டாயம் இல்லையென்றால் இரண்டு பேர், மிஞ்சிப்போனால் மூன்று பேர் பேசுங்கள். பேசத் தெரிந்தவர் பேசட்டும், தோண்டத் தெரிந்தவர் தோண்டட்டும்.

கரும்பலகை எழுதியது:

இதில் எனக்குப் பாதி சம்மதம்தான். கேட்பவர் பக்கமிருந்து பார்த்தால் நீங்கள் சொல்வது முற்றிலும் சரி. ஆனால் இது படிக்கிற இடம். பேச வராதவருக்குப் பேசப் பழக இதைவிடப் பாதுகாப்பான மேடை பிறகு கிடைக்காது, "பேசத் தெரிந்தவர் பேசட்டும்" என்று விட்டால் அந்தச் சர்வேத் தோழி படிப்பு முடியும்வரை பேசாமலேயே போய்விடுவார். அவருடைய தகவலை அவர் வாயால் சொல்ல வேண்டும், ஒரு நிமிடமாக இருந்தாலும் சரி. மதிப்பெண் விதியில் ஒவ்வொருவரும் பேச வேண்டும் என்று இருக்கிறதா என்றும் பார்த்துக்கொள்ளுங்கள், பல பாடங்களில் இருக்கும்.

கடைசிவரிசை எழுதியது:

எல்லோருக்கும் நன்றி. நேற்று மீட்டிங் நடந்தது, தாளில் எழுதும் முறையைச் செய்து பார்த்தோம்.

நடந்ததைச் சொல்கிறேன். சர்வேத் தோழி தன் தாளைப் படித்ததும் அறையே அமைதியாகிவிட்டது. வருடம் முழுவதும் இரவில் நூலகம் திறந்திருக்க வேண்டும் என்று கேட்டவர்கள் அவளுடைய சர்வேயில் மிகக் குறைவு. பெரும்பாலானவர்கள் கேட்டது தேர்வு மாதத்தில் மட்டும் இரவு நேரம், மற்ற நாட்களில் காலையில் சீக்கிரம் திறப்பது. நாங்கள் இதுவரை எழுதிய ஸ்லைடெல்லாம் "வருடம் முழுவதும்" என்ற நினைப்பில்தான். வேகக்காரருக்குக் கொஞ்சம் வருத்தம், அவர்தான் அதிகம் எழுதியிருந்தார். ஆனால் ஓட்டை கண்டுபிடிக்கும் வேலையைக் கொடுத்தவர் "இரவுப் பணியாளர் செலவை யார் ஏற்பார்கள் என்பதற்கு நம்மிடம் பதிலே இல்லை" என்று நேராகவே சொன்னார், அதற்குப் பிறகு வேகக்காரரே பரிந்துரையை மாற்றலாம் என்றார். பேச வேண்டியது ஐந்து பேரும்தான், விதியில் இருக்கிறது.

இப்போது தொடக்கத்தை எழுதியிருக்கிறேன். பார்த்துச் சொல்லுங்கள்:

"அனைவருக்கும் வணக்கம். எங்கள் குழுவின் சார்பாக உங்கள் அனைவரையும் வரவேற்கிறேன். இன்று நாங்கள் பேசவிருக்கும் தலைப்பு, நூலக நேர நீட்டிப்பு. நூலகம் என்பது அறிவின் களஞ்சியம். முதலில் நூலகத்தின் முக்கியத்துவம், பிறகு எங்கள் ஆய்வு முறை, பிறகு சர்வே முடிவுகள், அதன்பின் பரிந்துரைகள் ஆகியவற்றைக் காணலாம்."

ஸ்லைடுகளையும் ஒழுங்கு செய்ய வேண்டும், எதை வைப்பது எதை எடுப்பது என்று தெரியவில்லை.

கரும்பலகை எழுதியது:

பரிந்துரையையே மாற்றினீர்கள் பாருங்கள், அதில்தான் பாதி வேலை முடிந்துவிட்டது. வேகக்காரரிடம் ஒரு வார்த்தை நன்றி சொல்லிவிடுங்கள், எழுதியதை விட்டுக்கொடுப்பது எளிதில்லை.

தொடக்கத்தைப் பற்றி வெளிப்படையாகவே சொல்கிறேன். எழுதியிருக்கும் ஐந்து வாக்கியத்தில் உங்கள் ஆய்விலிருந்து வந்தது ஒன்றுகூட இல்லை. நூலகத்தைப் பற்றிப் பேசும் எந்தக் குழுவும் இதை அப்படியே எடுத்துப் பேசலாம். உங்களிடம் மட்டும் இருப்பது அந்தத் தோழி படித்ததும் அறை அமைதியான விஷயம். அங்கிருந்து தொடங்குங்கள்:

"வணக்கம். நூலகம் இரவிலும் திறந்திருக்க வேண்டும் என்று மாணவர்கள் விரும்புவார்கள் என நாங்கள் ஐந்து பேரும் நம்பினோம். கேட்டுப் பார்த்தபோது அவர்கள் சொன்னது வேறு. தேர்வு மாதத்தில் மட்டும் இரவு, மற்ற நாட்களில் காலையில் சீக்கிரம். அதையே நாங்கள் பரிந்துரைக்கிறோம். ஏன், எப்படி, யார் செலவில் என்பதை அடுத்த பத்து நிமிடத்தில் சொல்கிறோம்."

இதில் பரிந்துரை முதல் அரை நிமிடத்திலேயே வந்துவிடுகிறது. கடைசியில் சொல்லலாம் என்று மறைத்து வைக்காதீர்கள், எங்கே போகிறோம் என்று தெரிந்தால்தான் கேட்பவர் கூடவே வருவார். "ஏன், எப்படி, யார் செலவில்" என்பது பேச்சின் மூன்று பகுதிகளாகவும் ஆகிறது. பாதியில் கவனம் தப்பியவர்கூட எந்தப் பகுதி நடக்கிறது என்று பிடித்துக்கொள்ளலாம்.

கேட்பவரைச் செயலுக்குத் தூண்டும் பேச்சுக்கு 1930களில் ஆலன் மன்றோ என்ற பேச்சுக்கலைப் பேராசிரியர் ஒரு வரிசை வகுத்தார்: கவனத்தை ஈர்ப்பது, குறை என்ன என்று உணர வைப்பது, தீர்வு, அந்தத் தீர்வு நடந்தால் எப்படி இருக்கும் என்று காட்டுவது, கேட்பவர் இப்போது என்ன செய்ய வேண்டும் என்று கேட்பது. உங்கள் குழு கடைசி இரண்டையும் விட்டுவிடும் என்று நினைக்கிறேன், பெரும்பாலும் எல்லோரும் விடுகிறார்கள். "ஒரு தேர்வு மாதத்துக்கு மட்டும் சோதனையாகத் திறந்து பாருங்கள், வருகிறவர்களை எண்ணுங்கள்" என்று நீங்கள் முடித்தால் அது ஒருவர் ஆம் இல்லை என்று பதில் சொல்லக்கூடிய கோரிக்கை. "நூலகம் வளர வேண்டும்" என்று முடித்தால் அதற்கு யாரும் எதுவும் செய்ய முடியாது.

ஸ்லைடு. ஒரு ஸ்லைடுக்கு ஒரு கருத்து, அதையும் தலைப்பிலேயே முழு வாக்கியமாக எழுதுங்கள். "சர்வே முடிவுகள்" என்று தலைப்பு வைத்தால் முடிவு என்னவென்று கேட்பவர் தேட வேண்டும். "பெரும்பாலானோர் கேட்பது தேர்வு மாத இரவு மட்டும்" என்று வைத்துவிட்டால் தேட வேண்டாம்.

தலைப்பு ஒன்று, உள்ளே வேறொன்று என்று இருந்தால் என்ன ஆகும் என்பதற்குக் கொலம்பியா விண்கலத்தைவிடக் கனமான உதாரணம் எனக்குத் தெரியாது. 2003 ஜனவரியில் அது கிளம்பும்போது எரிபொருள் தொட்டியின் மேல் இருந்த நுரைக்காப்புத் துண்டு ஒன்று பெயர்ந்து இறக்கையில் மோதியது. கலம் மேலே இருக்கும்போதே பொறியாளர்கள் நாசாவுக்கு ஸ்லைடு போட்டு விளக்கினார்கள். ஒரு ஸ்லைடின் தலைப்பைப் படித்தால் சோதனைத் தகவல்படி பயமில்லை என்பதுபோல இருந்தது. அதே ஸ்லைடின் அடியில், உள்ளடங்கிய சின்ன வரியில் கிடந்தது, மோதிய துண்டின் அளவு 1,920 கன அங்குலம், சோதனையில் பயன்பட்டது 3 கன அங்குலம் என்று. அதாவது அந்தச் சோதனையை வைத்து எதையும் சொல்ல முடியாது என்பதுதான் உண்மையான செய்தி. பிப்ரவரி 1ஆம் தேதி திரும்பி வரும்போது கலம் சிதறி ஏழு பேர் உயிரிழந்தார்கள். விபத்தை ஆராய்ந்த குழு தன் அறிக்கையில் இந்த ஸ்லைடைத் தனியாகவே எடுத்துப் பேசியது. ஸ்லைடால்தான் விபத்து என்று சொல்லவரவில்லை, காரணங்கள் பல. ஆனால் முக்கியமானது மேலே, பெரிதாக, வாக்கியமாக இருக்க வேண்டும் என்று நான் அடம்பிடிப்பதற்கு இதுதான் காரணம்.

ஆள் மாறும் இடங்களையும் ஒத்திகை பாருங்கள். "அடுத்து என் நண்பர் தொடர்வார்" என்பது வீண் வாக்கியம். "இவ்வளவு பேர் கேட்கிறார்கள் என்றால் அதற்கு ஆகும் செலவு என்ன, அதை அவர் கணக்குப் போட்டிருக்கிறார்" என்று, முந்தின பகுதியிலிருந்து எழும் கேள்வியாகவே கை மாற்றுங்கள். ஒருவர் பேசும்போது மற்ற நால்வரும் அவரைப் பார்த்துக்கொண்டு நிற்க வேண்டும், தங்கள் அட்டையை அல்ல.

ஒலிவாங்கி எழுதியது:

கேள்வி நேரத்தைப் பற்றி மட்டும் சேர்க்கிறேன், அதற்குத்தான் யாரும் தயாராக வருவதில்லை.

ஓட்டை கண்டுபிடிக்கும் அந்த நண்பரிடம் வரக்கூடிய கேள்விகளில் கடினமான பத்தை எழுதச் சொல்லுங்கள். ஒவ்வொன்றுக்கும் யார் பதில் சொல்வது என்று முன்கூட்டியே பெயர் போட்டுவிடுங்கள். இல்லாவிட்டால் கேள்வி வந்ததும் ஐந்து பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்ப்பீர்கள், அந்த மூன்று விநாடியில் இதுவரை சேர்த்த மதிப்பு போய்விடும். அல்லது வேகக்காரர் எல்லாவற்றுக்கும் பாய்ந்து பதில் சொல்வார். அவருக்கு நல்ல வேலை, கேள்வியை வாங்கி ஒரு வரியில் திருப்பிச் சொல்லி, உரியவரிடம் அனுப்புவது. அவருடைய வேகம் அங்கே சரியாகப் பயன்படும், பதில் சொல்பவருக்கும் யோசிக்கக் கொஞ்சம் நேரம் கிடைக்கும்.

செலவுக் கேள்வி வரும், நிச்சயம் வரும். பதில் முழுதாக இல்லையென்றால் "அதை நாங்கள் விசாரிக்கவில்லை, சோதனை மாதத்திலேயே அதைக் கணக்கெடுக்கச் சொல்கிறோம்" என்று சொல்லி நிறுத்திக்கொள்ளுங்கள். சமாளித்து நீட்ட வேண்டாம், கேட்டவருக்கு அது உடனே புரியும்.

கேள்விகள் முடிந்ததும் அப்படியே "நன்றி" என்று கலைந்துபோகாதீர்கள். கடைசிக் கேள்வி ஏதாவது சின்ன விஷயத்தில் முடிந்திருக்கும், கேட்டவர்கள் மனதில் அதுவே தங்கிவிடும். மனப்பாடம் செய்துவைத்த அந்தக் கடைசி இரண்டு வாக்கியங்களை, சோதனை மாதக் கோரிக்கையை, அப்போது ஒருமுறை திரும்பச் சொல்ல 20 விநாடி ஒதுக்கி வையுங்கள். நேரம் பார்க்கும் பொறுப்பைப் போன் பார்ப்பவரிடம் கொடுங்கள், கையில் போன் இருக்கத்தானே செய்கிறது, 10 நிமிடம் ஆனதும் பின்வரிசையில் உட்கார்ந்திருக்கும் ஒரு நண்பருக்கு அவர் சைகை காட்டினால், பேசுகிறவர் கண்ணுக்குத் தெரியும்படி அந்த நண்பர் ஒரு தாளைத் தூக்கிக் காட்டட்டும்.